கடுகின் காரம் யாருக்காக?

எண்ணெய் காய்ந்ததும் தாய்மார் கடுகை இடுகிறார்கள். அது படபடவென்று வெடிக்கிறது. வெடித்த கடுகில் நான்கை எடுத்து மென்று பாருங்கள். அதில் காரம் என்பது சிறிதும் இராது. வறுத்த பருப்பின் மணமும் இலேசான கசப்புமே இருக்கும். அதே கடுகைப் பச்சையாக அம்மியில் வைத்து, தண்ணீர் தெளித்து அரைத்தால் என்ன நிகழ்கிறது? அரைப்பவர் கண்ணில் நீர் வருகிறது; மூக்கு எரிகிறது. ஊறுகாய்க்குக் கடுகு அரைக்கும் வீட்டில் இதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. வித்து ஒன்றுதான்; ஆனால் ஓரிடத்தில் சாதுவாகவும் மற்றோரிடத்தில் மூர்க்கமாகவும் நடந்துகொள்கிறது. இதற்குக் காரணம் யாது?

மாணவர்களே, இதனை நீங்களே சோதித்து அறியலாம். ஒரு கடுகைக் கடிக்காமல் நாவின்மீது வைத்திருங்கள்; காரம் தெரியாது. பிறகு அதைக் கடித்து மெல்லுங்கள். கடித்த அக்கணத்திலும் காரம் தெரியாது. சில நொடிகள் கழித்தே அது தலைக்கு ஏறும். அடுத்து, உலர்ந்த கடுகைப் பொடி செய்து முகர்ந்து பாருங்கள்; நெடி மிகக் குறைவு. அப்பொடியில் சிறிது வெதுவெதுப்பான நீரை விட்டுக் குழைத்து வைத்து, ஐந்து நிமிடம் கழித்து முகருங்கள், முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள். இறுதியாக, கொதிக்கும் நீரில் பத்து நிமிடம் வெந்த கடுகை அரைத்துப் பாருங்கள். எவ்வளவு அரைத்தாலும் காரம் பிறக்காது. பணியில் இருந்த நாளில் ஏழாம் வகுப்பில் இவற்றைச் செய்துகாட்டுவது என் வழக்கம். பாடப்புத்தகத்தில் இல்லாத பாடமாதலால் பிள்ளைகள் அதை மறப்பதில்லை.

இச்சோதனைகளிலிருந்து ஒன்று தெளிவாகிறது. முழுக் கடுகினுள் காரம் இல்லை. காரத்தை உண்டாக்கவல்ல பொருள்கள் மட்டுமே இருக்கின்றன. அவை நசுங்கிக் கலக்க வேண்டும்; கலப்பதற்கு நீர் வேண்டும்; அவற்றுள் ஒன்று வெப்பத்தால் கெட்டுவிடக்கூடியது. நம்மவர் நன்கறிந்த வேறோர் எடுத்துக்காட்டும் உண்டு. வெற்றிலை பச்சை, சுண்ணாம்பு வெள்ளை, பாக்கு பழுப்பு. மூன்றில் எதுவும் சிவப்பன்று. மென்ற பிறகே வாய் சிவக்கிறது. கடுகின் காரமும் அவ்வாறே வாயில் பிறப்பது.

இதனை முதன்முதல் இரசாயன முறையில் ஆராய்ந்தவர்களுள் முக்கியமானவர் புஸ்ஸி என்ற பிரெஞ்சு அறிஞர். அவர் 1840-ஆம் ஆண்டு அளவில் கருங்கடுகிலிருந்து காரமற்ற ஓர் உப்பைப் பிரித்தெடுத்தார். பிற்காலத்தில் அதற்குச் சினிக்ரின் என்ற பெயர் நிலைத்தது. அதனைச் சிதைத்துக் காரமாக்கும் நொதிப்பொருள் ஒன்றும் கடுகில் உண்டு என்று கண்டு, அதற்கு மைரோசின் என்று பெயரிட்டார். இன்று அதனை மைரோசினேஸ் என்கிறோம். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1890-இல், கிக்னார் என்ற மற்றொரு பிரெஞ்சுத் தாவர நூலார் உருப்பெருக்கியின் துணைகொண்டு, அந்நொதி எல்லாச் செல்களிலும் பரவியில்லை, அதற்கென அமைந்த தனிச் செல்களில் அடைபட்டுக் கிடக்கிறது என்று காட்டினார். செடி தன் மருந்துச் சரக்கையும் அதைப் பற்றவைக்கும் திரியையும் வெவ்வேறு அறைகளில் வைத்துப் பூட்டியிருக்கிறது என்பது அப்போதுதான் புலனாயிற்று.

சினிக்ரின் போன்ற பொருள்கள் யாவற்றுக்கும் பொதுப்பெயர் குளுக்கோசினோலேட்டுகள் என்பது. இன்றைக்கு நூற்று முப்பதுக்கும் மேற்பட்டவை அறியப்பட்டுள்ளன. ஒவ்வொன்றிலும் ஒரு குளுக்கோஸ் சர்க்கரை, கந்தகம், நைட்ரஜன், கந்தக அமிலத்திலிருந்து வந்த சல்பேட் பகுதி ஆகியவை உண்டு. இவற்றோடு ஒரு பக்கக்கிளையும் சேர்ந்திருக்கும். அந்தப் பக்கக்கிளை மாற மாறப் பொருளின் பெயரும் குணமும் மாறும். இதன் சரியான அமைப்பைக் கண்டறிவது எளிதாக இருக்கவில்லை. 1897-இல் காடமர் என்ற ஜெர்மானியர் ஓர் அமைப்பை எழுதினார். அதில் பக்கக்கிளை நைட்ரஜனோடு இணைந்திருப்பதாகக் காட்டியிருந்தார். ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் நூல்கள் யாவும் அதையே சொல்லி வந்தன. 1956-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் எட்லிங்கர், லண்டீன் என்னும் இருவர் அது கார்பனோடு இணைந்திருக்கிறது என்று நிலைநாட்டினர். அச்சில் வந்துவிட்டதனாலேயே ஒன்று உண்மையாகிவிடாது என்பதற்கு மாணவர்கள் இதனை நினைவில் வைக்கலாம்.

இனி, நசுங்கும்போது நிகழ்வதைப் பார்ப்போம். செல்களின் சுவர் உடைகிறது. நொதி குளுக்கோசினோலேட்டை வந்தடைந்து, நீரின் உதவியால் அதன் சர்க்கரைப் பகுதியை வெட்டிவிடுகிறது. சர்க்கரை போனதும் எஞ்சிய பகுதி நிலைகொள்ளாது. சல்பேட்டையும் உதிர்த்துவிட்டுத் தன்னைத் தானே மாற்றி அமைத்துக்கொள்கிறது. அவ்வாறு பிறப்பதே ஐசோதயோசயனேட் என்னும் காரப்பொருள். கடுகின் நெடி அதுவே. முள்ளங்கியின் நெடியும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. இது உயிருள்ள எதன் உடலில் பட்டாலும் அங்குள்ள புரதங்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றின் வேலையைக் கெடுக்கும். அக்காலத்தில் மார்ச்சளிக்குக் கடுகுப் பற்றுப் போட்டு, நேரம் தப்பி வைத்துவிட்டவர்களுக்குத் தோல் கொப்பளித்தது இதனால்தான். நம் நாவிலும் மூக்கிலும் இதனை அறிந்து எரிச்சலைத் தெரிவிக்கும் ஓர் உணர்வுப் புரதம் இருக்கிறது. அதே வகைப் புரதம் ஈ போன்ற பூச்சிகளின் உடலிலும் இருக்கிறது. ஆகவே கடுகு அரைக்கும் தாய்க்கும் கடுகிலையைக் கடிக்கும் புழுவுக்கும் நேரும் துன்பம் ஒன்றே.

தாளிக்கும் கடுகு ஏன் கார்க்கவில்லை என்பதும் இப்போது விளங்கும். காய்ந்த எண்ணெயின் வெப்பத்தில் நொதி அழிந்துவிடுகிறது. சரக்கு இருக்கிறது, திரி இல்லை.

செடிகொடிகள் ஓடி ஒளிய இயலாதவை. முள், மயிர், பிசின், பால் என்று ஒவ்வொன்றும் ஒரு காப்பைத் தேடிக்கொண்டுள்ளது. கடுகு இனம் தேடிக்கொண்ட காப்பின் நுட்பம் யாதெனில், விஷத்தை ஆயத்தமாக வைத்திராமையே. ஆயத்தமாக வைத்தால் அது செடியின் திசுக்களையே முதலில் கெடுக்கும். மாறாக, இலையைக் கடிக்கும் பூச்சியின் தாடையே இரண்டு அறைகளையும் உடைத்து, அதன் வாயிலேயே விஷத்தைக் கலந்துகொடுக்கிறது. தீண்டாத இலையில் விஷம் பிறப்பதில்லை. தீண்டிய இலையில் உடனடித் தண்டனை. விஞ்ஞானிகள் இதனைக் கடுகெண்ணெய் வெடிகுண்டு என்றே பெயரிட்டு அழைக்கிறார்கள். மேலும், ஓரிலை கடிபட்டால் செடி அச்செய்தியைத் தன் உடலுக்குள் அனுப்பி, மற்ற இலைகளிலும் சரக்கைக் கூட்டிக்கொள்கிறது. இவற்றுக்கெல்லாம் கந்தகம் வேண்டும். கந்தகச் சத்துக் குறைந்த மண்ணில் வளரும் செடியில் காரமும் குறைவே.

கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூல்கோல் ஆகியவை ஒரே குடும்பம். நான்கு இதழ்கள் சிலுவைபோல் எதிரெதிராக நிற்பதால் இவற்றைச் சிலுவைப்பூக் குடும்பம் என்பது பழைய வழக்கு. நம் குஜிலியம்பாறை, வேடசந்தூர்ப் பக்கத்துச் செம்மண் மேட்டுக்காடுகளில் இவற்றைத் தேடினால் அதிகம் அகப்படா. கடுகு நமக்கு வடநாட்டிலிருந்து வருவது. கோஸ் பெரிதும் மலையிலிருந்து இறங்குவது. அப்படியானால் இக்கதை நம் ஊரைச் சேர்ந்ததன்று என்று எண்ணிவிட வேண்டா. இந்தக் குடும்பத்துக்கு ஒரு பெரிய சுற்றம் உண்டு. தாவர நூலார் ஒரே வரிசையில் வைக்கும் அச்சுற்றத்தார் நம் வேலியோரத்திலேயே நிற்கின்றனர்.

முதலாவது, முருங்கை. ஆம், நம் கொல்லை முருங்கைதான்! அது கடுகின் உறவு. ஐயுறுவோர் முருங்கை வேரின் பட்டையைச் சிறிது கீறி முகர்ந்து பார்க்கலாம். கடுகு நெடி வரும். இந்நாட்டில் வாழ்ந்த வெள்ளையர்கள், தங்கள் ஊரில் இறைச்சியோடு சேர்த்துண்ணும் குதிரை முள்ளங்கிக்கு மாற்றாக முருங்கை வேரைத் துருவிப் பயன்படுத்தினர். ஆங்கிலத்தில் இதற்குக் குதிரை முள்ளங்கி மரம் என்று பெயர் வந்தது அப்படித்தான். ஆனால் முருங்கைக்கீரையில் அந்த நெடி இல்லையே என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. வேரில் உண்டாகும் காரப்பொருள் எளிதில் ஆவியாவது; ஆகவே மூக்குக்கு எட்டுகிறது. இலையிலுள்ள குளுக்கோமோரிஞ்சின் என்னும் பொருளின் பக்கக்கிளையில் மற்றொரு சர்க்கரை, ராம்னோஸ் என்பது, கூடுதலாகக் கோக்கப்பட்டிருக்கிறது. அதனால் அதிலிருந்து பிறக்கும் காரப்பொருள் கனத்தது, காற்றில் எழும்பாது. மூக்கு அறியாவிடினும் நாக்கு அறியும். பச்சை முருங்கையிலையை மென்றால் தோன்றும் உறைப்பு அதுவே.

அடுத்து, மானாவாரி நிலத்தில் மழைக்குப் பின் தானே முளைக்கும் நல்வேளையும் நாய்க்கடுகும். நாய்க்கடுகு என்று பெயரிட்ட முன்னோர் அதன் விதையைப் பார்த்து மட்டுமே பெயர் வைத்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். மென்று பார்த்திருக்க வேண்டும். வேலிகளில் படரும் ஆதொண்டையும், மாவிலங்கமும் இவ்வரிசையினவே. பல் துலக்கப் பெயர்பெற்ற உகாய் மரமும் அவ்வாறே. பப்பாளி விதையை மென்றவர்களுக்கு அது ஏன் கார்க்கிறது என்ற ஐயம் இனி வேண்டியதில்லை; அதுவும் இச்சுற்றத்தது.

இவ்வளவு வலிய காப்பு இருந்தும், கோஸ் வயலில் புழு இருக்கிறது. முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி அடை அடையாக அப்பிக் கிடக்கிறது. இது எப்படி?

இதற்கு விடை தேடத் தொடங்கியவர்களுள் ஒருவர் வெர்ஷாஃபெல்ட் என்ற டச்சுத் தாவர நூலார். கோஸை உண்ணும் வெள்ளைப் பட்டாம்பூச்சியின் புழுக்களை அவர் கவனித்தார். அவை கடுகின் சுற்றத்துச் செடிகளை மட்டுமே தின்றன. வேறு இலைகளைக் கொடுத்தால் பட்டினி கிடந்தன. 1910-இல் அவர் வெளியிட்ட சோதனை மிக எளியது. அப்புழுக்கள் ஏறெடுத்தும் பாராத ஒரு செடியின் இலையில் சினிக்ரின் கரைசலைத் தடவி வைத்தார். புழுக்கள் அதனைத் தின்னத் தொடங்கின! எல்லாப் பூச்சிகளையும் விரட்டும் பொருளே இவற்றுக்கு உணவின் அடையாளமாகிவிட்டது. திருடனுக்குப் போட்ட பூட்டைக் கண்டு, உள்ளே பொருள் இருக்கிறது என்று அறிந்துகொள்ளும் திருடனைப் போன்றவை இவை.

பூட்டைத் திறக்கும் வழியைப் பூச்சிகள் எவ்வாறு கண்டன என்பது இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் தெளிவாயிற்று. அவ்வழிகள் ஒன்றல்ல. வெள்ளைப் பட்டாம்பூச்சிப் புழுவின் குடலில் ஒரு தனிப் புரதம் சுரக்கிறது. 2004-இல் அது விவரிக்கப்பட்டது. நொதி சர்க்கரையை வெட்டுவதை அப்புரதம் தடுப்பதில்லை. ஆனால் வெட்டுண்ட பகுதி ஐசோதயோசயனேட்டாக மாறாமல், தீங்கு குறைந்த நைட்ரைல் என்னும் பொருளாக மாறும்படி திருப்பிவிடுகிறது. புழு அதனை எச்சத்தோடு வெளியேற்றிவிடுகிறது. இப்பட்டாம்பூச்சியின் உறவினம் ஒன்று நம் நீலகிரி, பழனி மலைகளிலும் பறக்கிறது.

வைரமுதுகு அந்துப்பூச்சியின் வழி வேறு. முதுகில் வைரக்கற்கள் பதித்தாற் போன்ற வெளிறிய கோலம் இருப்பதால் இப்பெயர். அதன் புழு, நொதி வந்து சேருமுன் தான் முந்திக்கொள்கிறது. குளுக்கோசினோலேட்டின் சல்பேட் பகுதியைக் குடலிலுள்ள ஒரு நொதியால் கழற்றி எறிந்துவிடுகிறது. சல்பேட் நீங்கிய அப்பொருளைச் செடியின் மைரோசினேஸ் அடையாளம் கண்டுகொள்வதில்லை. திரியைக் கொண்டுவந்தாலும் பற்றவைக்க மருந்து இல்லை. ஜெர்மனியில் யேனா நகரத்து மாக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சி நிலையத்தார் 2002-இல் இதனை வெளியிட்டனர்.

அசுவினியின் தந்திரம் இன்னும் நயமானது. அது இலையைக் கடிப்பதே இல்லை. ஊசிபோன்ற வாயைச் செல்களுக்கிடையே நுழைத்துச் சாறோடும் குழாயை எட்டி உறிஞ்சுகிறது. அறைகள் உடையாததால் வெடிகுண்டு வெடிப்பதில்லை. கோஸ் அசுவினி இதற்கும் ஒரு படி மேலே சென்றது. உறிஞ்சிய குளுக்கோசினோலேட்டைத் தன் உடலில் சேமித்து வைக்கிறது. மைரோசினேஸைத் தானே சுரந்து தன் தசைகளில் தனியே வைத்துக்கொள்கிறது. பொறிவண்டு கடித்தால் அசுவினியின் உடலே கடுகுபோல் வெடித்துக் கார்க்கிறது. செடியிடமிருந்து கொள்ளையடித்த சரக்கைக் கொண்டே தனக்கு அரண் அமைத்துக்கொண்ட பூச்சி இது.

இவற்றையெல்லாம் கண்டு, செடிகளும் பூச்சிகளும் ஒன்றையொன்று மாற்றி வளர்த்து வந்துள்ளன என்ற கருத்தை 1964-இல் எர்லிக், ரேவன் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் எடுத்துரைத்தனர். ஒருவர் பட்டாம்பூச்சி நூலார், மற்றவர் தாவர நூலார். பின்வந்த ஆராய்ச்சிகள் அதற்குக் கணக்குக் கொடுத்தன. கடுகின் சுற்றம் தோன்றி ஏறத்தாழ ஒன்பது கோடி ஆண்டுகள் ஆகின்றன. அதன்பின் ஒரு கோடி ஆண்டு அளவிலேயே பூட்டைத் திறக்கும் பட்டாம்பூச்சிகள் தோன்றிவிட்டன. செடி புதிய குளுக்கோசினோலேட்டுகளைப் படைத்தது, பூச்சியும் விடவில்லை. ஐரோப்பாவில் மஞ்சள் பூப்பூக்கும் ஒரு கடுகினக் களைச்செடி, பழைய பூட்டு பயனற்றுப் போகவே, சப்போனின் என்னும் மற்றொரு கசப்புப் பொருளையும் சேர்த்துக்கொண்டது. கடுகு மணத்தை நம்பி வைரமுதுகுப் பூச்சி அதன்மீது முட்டையிடுகிறது. பொரித்த புழுக்கள் தின்று மடிகின்றன.

நம் ஊர் வேலிகளில் இப்போரின் சாட்சிகளை இன்றும் காணலாம். மழை ஓய்ந்த நாட்களில் ஆதொண்டையையும் மாவிலங்கத்தையும் சுற்றி வெள்ளைப் பட்டாம்பூச்சிகள் வட்டமிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அவை தேன் குடிக்க மட்டும் வருவன அல்ல. முட்டையிடத் தக்க இலையைத் தேடுபவை. நல்வேளைமீதும் தாழப் பறக்கும் சிறு வெள்ளை ஒன்று முட்டையிடும். வெண்ணிறப் பட்டாம்பூச்சிக் குடும்பத்தின் பல இனங்களுக்கு இச்சுற்றமே தாய்வீடு.

முருங்கைக்கும் அத்தகைய விருந்தாளிகள் உண்டு. மொட்டைத் துளைக்கும் புழுவும், இலையைத் தின்று வலைபோல் ஆக்கும் புழுவும் நூர்டா என்ற ஒரே இனத்தைச் சேர்ந்தவை. முருங்கையை நம்பியே பிழைப்பவை. கம்பளிப்பூச்சியை அறியாதவர் இலர். இரவில் மேலேறி இலையைத் தின்று, பகலில் அடிமரத்தில் நூற்றுக்கணக்கில் கூடிக் கிடக்கும். கூடிக் கிடப்பதே அவற்றுக்கு வந்த கேடு. ஒரு தீப்பந்தத்தை அடிமரத்தில் காட்டினால் கூட்டம் முழுவதும் முடிந்தது. இலையின் அடியில் கூட்டமாக இட்ட முட்டைகளைக் கிள்ளி எறிந்தால் அதுவும் வேண்டாம். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரும் இதையே சொல்கின்றனர். இன்று உண்ணப் பறிக்கும் கீரையில் நேற்று மருந்து தெளித்துவிட்டு, அது சத்துள்ளது என்று பிள்ளைகளுக்கு ஊட்டுவதைவிடப் பந்தம் பிடிப்பது மேல் அல்லவா?

மருந்து என்றதும் வைரமுதுகு அந்துப்பூச்சியிடம் திரும்ப வேண்டியிருக்கிறது. உலகில் கோஸ் பயிராகும் இடமெல்லாம் அது உண்டு. சென்னை அரசாங்கத்தின் பூச்சியியல் அறிஞராக இருந்த ஃபிளெச்சர், 1914-இல் தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றி வெளியிட்ட நூலில் இதனைக் குறித்துள்ளார். இந்தியாவில் இதைப் பற்றிய முதற் குறிப்பு அதுவே என்பர். விரல் நகத்தின் அளவுகூட இல்லாத இப்பூச்சி, இரண்டாம் உலகப்போருக்குப் பின் வந்த டி.டி.டி. மருந்துக்கு முதலில் இரையாயிற்று. ஆனால் 1953-இல் ஜாவாத் தீவிலிருந்து ஒரு செய்தி வந்தது. மலைச்சரிவுக் கோஸ் தோட்டங்களில் டி.டி.டி. தெளித்தும் இப்புழு சாகவில்லை. பயிரைத் தின்னும் பூச்சிகளுள் டி.டி.டி.யை வென்றதாகப் பதிவான முதற் பூச்சி இதுவே. இந்தியாவில் 1968-இல் பஞ்சாபிலிருந்து அதே செய்தி வந்தது. டி.டி.டி. நம் நாட்டு வேளாண்மையில் 1989-இல் தடை செய்யப்பட்டது. ஆயின் அதற்கு நெடுங்காலம் முன்னரே இப்பூச்சி அதனைக் கடந்துவிட்டது. பின்னர் வந்த மருந்துகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற நுண்ணுயிரை மருந்தாகத் தெளிக்கும் முறைக்கு எந்தப் பூச்சியும் வயலில் பழகாது என்று நம்பியிருந்தனர். 1990-இல் ஹவாய்த் தீவுகளில் இதுவே அந்நம்பிக்கையையும் தகர்த்தது.

ஒன்றைத் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. சல்பேட்டைக் கழற்றும் அந்தக் குடல் நொதி டி.டி.டி.யைச் செரிக்கவில்லை, ஒவ்வொரு மருந்துக்கும் எதிர்ப்பு வேறு வேறு வழியில் வந்தது. ஆனால் நிகழ்ந்த முறை ஒன்றே. கூட்டத்தில் மருந்துக்குத் தப்பும் சில மட்டும் உயிர்பிழைக்கின்றன. அவற்றின் பிள்ளைகளே அடுத்த தலைமுறை. நம் சமவெளியின் வெப்பத்தில் இரண்டு மூன்று வாரத்தில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். செடி ஒரு கோடி ஆண்டில் கற்ற பாடத்தை, வாரந்தோறும் மருந்து தெளிக்கும் மனிதனுக்குப் பூச்சி பத்தே ஆண்டில் கற்பிக்கிறது. போதாக்குறைக்கு, மருந்து முதலில் கொல்வது பூச்சியின் பகைவர்களை.

அப்பகைவர்கள் யாவர்? எறும்பினும் சிறிய ஒட்டுண்ணிக் குளவிகள். கோட்டீசியா என்னும் குளவி வைரமுதுகுப் புழுவின் உடலுக்குள் முட்டையிடுகிறது. குளவியின் குஞ்சு புழுவை உள்ளிருந்து தின்று வெளிவந்து, இலைமீது வெண்பட்டுக் கூடு கட்டும். கோஸ் இலையில் அரிசிமணியினும் சிறிய வெள்ளைக் கூடு தெரிந்தால் அதை நசுக்கிவிடாதீர்கள். அசுவினியைத் தாக்கும் மற்றொரு குளவியும் உண்டு. அது வயலுக்கு வழி கண்டுபிடிப்பது எப்படி என்று 1970-இல் அமெரிக்காவில் ஆராய்ந்தார்கள். அக்குளவியை அழைத்து வருவதும் கடுகு நெடியே! அசுவினியைத் தேடி அது வருவதற்கு முன், அசுவினி வாழும் செடியின் மணத்தைத் தேடி வருகிறது. ஆக, ஒரே நெடி பெரும்பாலான பூச்சிகளை விரட்டுகிறது. சில பூச்சிகளுக்கு விருந்துக்கு வழிகாட்டுகிறது. அப்பூச்சிகளின் எமனுக்கும் வழிகாட்டுகிறது.

பூச்சிக்குக் கடுகின்மீதுள்ள இந்த ஆசையையே அதற்கு எதிராகத் திருப்பலாம் என்று கண்டவர்கள் பெங்களூருக்கு அருகே ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தார். 1990-களின் தொடக்கத்தில் அவர்கள் வெளியிட்ட முறை, ஏழை விவசாயியும் கைக்கொள்ளக்கூடியது. கோஸும் கடுகும் அருகருகே இருந்தால் வைரமுதுகு அந்துப்பூச்சி கடுகையே மிகுதியும் நாடி முட்டையிடுகிறது. ஆகவே இருபத்தைந்து வரிசைக் கோஸுக்கு இரண்டு வரிசைக் கடுகு விதைக்கச் சொன்னார்கள். அசுவினி முதலிய பிற பூச்சிகளும் கடுகுக்கே சென்றன. மருந்து தெளிக்க வேண்டுமெனில் அதைக் கடுகு வரிசையோடு நிறுத்திக்கொள்ளலாம். கோஸுக்கு நூற்றுக்கு ஐந்து பங்கு வலுவுள்ள வேப்பங்கொட்டைப் பருப்புக் கரைசல் போதும். வேம்பு நம் பக்கத்தில் விலைக்கு வாங்க வேண்டியதன்று; ஆனி, ஆடியில் மரத்தடியில் உதிர்ந்து கிடப்பது.

இம்முறையில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் காலக்கணக்கு. முதற் கடுகு வரிசையைக் கோஸ் நாற்று நடுவதற்குப் பதினைந்து நாள் முன்னதாகவே விதைத்துவிட வேண்டும். அப்போதுதான் நாற்று வேர்பிடிக்கும் நாளில் கடுகு நன்கு தழைத்து, வரும் பூச்சியை ஏற்க ஆயத்தமாக நிற்கும். ஆனால் கடுகின் ஆயுள் குறைவு. விரைவில் பூத்துக் காய்த்து இலை முற்றிவிடும். முற்றிய இலையைப் பூச்சி மதிப்பதில்லை. பக்கத்திலிருக்கும் கோஸுக்குத் தாவிவிடும். அதனால் இரண்டாவது வரிசையை, கோஸ் நட்ட இருபத்தைந்தாம் நாள் விதைக்கிறார்கள். முதல் வரிசை காய்க்கத் தொடங்கும் வேளையில் இரண்டாவது வரிசை இளந்தளிரோடு எழுந்து நிற்கும்.